பிஎச்பி கன்ஸ்ட்ரக்டர்: பழைய நிரலைப் பழுதில்லாமல் எட்டாம் பதிப்புக்குக் கொண்டுவரும் வழி

ஓர் அச்சகத்துக்கு எழுதிய பில் போடும் நிரலை பிஎச்பி என்ற நிரல்மொழியின் 7.4 பதிப்பிலிருந்து 8.0க்கு மாற்றினேன். மறுநாள் காலை அச்சகக்காரர் போனில் அழைத்தார். பில்லில் வாடிக்கையாளர் பெயர் சரியாக இருந்தது, தொகையும் சரி. வரி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சுழியம். திரையில் பிழைச் செய்தி வரவில்லை. பிழைப் பதிவேட்டிலும் ஒரு குறிப்புகூட இல்லை. அதற்குள் அன்றைய பில்கள் பல வெளியே போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று.

தவறு இருந்த வகுப்பு, அதாவது பொருள்களை உருவாக்கும் வார்ப்பு, இது. சாவிச்சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.

கிளாஸ் பில் {
    வார் $வரி;

    ஃபங்ஷன் பில்($வரி) {
        $திஸ்->வரி = $வரி;
    }

    ஃபங்ஷன் வரித்தொகை($தொகை) {
        ரிட்டர்ன் $தொகை * $திஸ்->வரி / 100;
    }
}

$பில் = நியூ பில்(18);

வகுப்பின் பெயர் பில். அதற்குள் இருக்கும் முதல் மெத்தடின் (வகுப்புக்குள் எழுதும் ஃபங்ஷனின்) பெயரும் பில். பிஎச்பி 7.4 வரை இந்த மெத்தட் கன்ஸ்ட்ரக்டர். அதாவது, நியூ என்று சொல்லிப் பொருளை உருவாக்கியதும் தானாக ஓடும் மெத்தட். 8.0இல் இது வெறும் சாதாரண மெத்தட். யாரும் அழைக்காததால் அது ஓடவே இல்லை. அடைப்புக்குறிக்குள் கொடுத்த 18 எங்கும் போய்ச் சேரவில்லை. கன்ஸ்ட்ரக்டர் இல்லாத வகுப்புக்கு மதிப்புகளைக் கொடுத்தால் பிஎச்பி முறையிடுவதில்லை, பேசாமல் விட்டுவிடுகிறது. வரி என்ற பண்பு (பொருளுக்குள் இருக்கும் மாறி) 'நல்' மதிப்போடு, அதாவது மதிப்பு எதுவும் வைக்கப்படாத நிலையில், நின்றது. நல் மதிப்பைப் பெருக்கினால் சுழியம். பண்பை வார் என்று முறையாக அறிவித்திருந்ததால், "அப்படி ஒரு பண்பு இல்லை" என்ற எச்சரிக்கைக்கும் இடமில்லை.

ஒரு பெயரை மாற்றினால் தீர்ந்துவிடும் வேலைதான் இது. ஆனால் அந்தப் பெயரை எந்தப் பதிப்பில் இருக்கும்போது மாற்றுகிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. 7.4இல் இருக்கும்வரை பிஎச்பியே தவறைச் சுட்டிக்காட்டும். 8.0க்கு வந்த பிறகு அது வாய் திறக்காது.

பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது

வகுப்பின் பெயரையே கன்ஸ்ட்ரக்டருக்கு வைக்கும் பழக்கம் பிஎச்பி 3 காலத்திலிருந்து வருகிறது. அந்தப் பதிப்பில் விதி தளர்வாக இருந்தது: உருவாக்கப்படும் வகுப்பின் பெயரில் ஒரு மெத்தட் இருந்தால் போதும், அது பெற்றோர் வகுப்பில் (பிள்ளை வகுப்பு எதன் மெத்தடுகளைப் பெறுகிறதோ அதில்) எழுதப்பட்டிருந்தாலும் கன்ஸ்ட்ரக்டராகிவிடும். பெற்றோர் வகுப்பில் 'ரசீது' என்று சாதாரண மெத்தட் ஒன்று இருக்க, பிறகு யாராவது ரசீது என்ற பெயரில் பிள்ளை வகுப்பு எழுதினால், பெற்றோரின் அந்த மெத்தட் திடீரென்று கன்ஸ்ட்ரக்டராக ஓடத் தொடங்கும். 2000இல் வந்த பிஎச்பி 4 இதை இறுக்கியது: மெத்தட் எந்த வகுப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த வகுப்பின் பெயரைக் கொண்டிருந்தால்தான் கன்ஸ்ட்ரக்டர். பிள்ளைக்குச் சொந்தமாக இல்லையென்றால் பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் வழக்கமும் அப்போதுதான் வந்தது.

2004 ஜூலையில் வெளியான பிஎச்பி 5, எல்லா வகுப்புக்கும் பொதுவான ஒரே பெயரைக் கொடுத்தது: இரண்டு அடிக்கோடுகள், அதையொட்டி கன்ஸ்ட்ரக்ட். வகுப்பின் பெயர் மாறினாலும் கன்ஸ்ட்ரக்டரைத் தொட வேண்டியதில்லை. பெற்றோரின் பெயர் தெரியாமலே அதன் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கலாம். பழைய முறையும் கூடவே செல்லுபடியானது. அந்தச் சலுகையால்தான் பல நிரல்கள் பதினாறு ஆண்டுகள் மாறாமலே ஓடின.

பிறகு 5.3இல், பெயர்கள் மோதாதபடி வகுப்புகளைக் குழுவாக்கும் நேம்ஸ்பேஸ் வந்தது. 5.3.3 முதல், நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் வகுப்புகளில் பழைய முறை செல்லாது. இந்த விதி நமக்கு ஒரு வகையில் உதவி, இன்னொரு வகையில் பொறி. நேம்ஸ்பேஸ் உள்ள கோப்புகளில் பழைய கன்ஸ்ட்ரக்டரைத் தேட வேண்டியதில்லை என்பது உதவி. பழைய கோப்பின் தலையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு நேம்ஸ்பேஸ் வரியைச் சேர்த்தால், 7.4இலேயே அதன் கன்ஸ்ட்ரக்டர் சத்தமில்லாமல் செத்துவிடும் என்பது பொறி.

2015 டிசம்பரில் வந்த 7.0, பழைய முறையைக் கைவிடப்படும் அம்சமாக அறிவித்து எச்சரிக்கை கொடுத்தது. 2020 நவம்பரில் வந்த 8.0 அதை முற்றாக நீக்கியது.

எச்சரிக்கை ஐந்து ஆண்டுகள் வந்துகொண்டிருந்தும் என் கண்ணில் ஏன் படவில்லை? பிஎச்பியோடு வரும், நிஜப் பயன்பாட்டுக்கான ஐஎன்ஐ (அமைப்புகளைக் குறிக்கும்) மாதிரிக் கோப்பு, டெப்ரிகேட்டட் (கைவிடப்படும் அம்சம்) வகை எச்சரிக்கைகளை அடக்கியே வைத்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் சர்வர்களில் அவை பதிவாவதே இல்லை. பதிவாகும்படி வைத்திருந்தாலும், தொகுத்த நிரலைச் சேமித்துவைக்கும் ஓப்கேஷ் இயங்கினால் கோப்பு முதன்முறை தொகுக்கப்படும்போது மட்டும் ஒருமுறை எழுதப்பட்டு, பதிவேட்டின் அடியில் புதைந்துவிடும்.

முதல் படி: 7.4இல் நின்றபடி எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள்

8க்கு மாறும் முன், 7.4 இயங்கும் ஒரு கட்டளைவரியைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதனால் இணையத்துக்குத் திறந்த சர்வரில் அதை வைக்க வேண்டாம். உங்கள் கணினியில், மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கரில் 7.4இன் கட்டளைவரிப் படிமத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

கோப்பை ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும் லிண்ட் வசதி பிஎச்பியில் உண்டு. சிறிய எல் கொடியைக் கொடுத்தால் வேலை செய்யும். பழைய கன்ஸ்ட்ரக்டர் பற்றிய எச்சரிக்கை நிரல் தொகுக்கப்படும் நேரத்திலேயே எழுவதால், கோப்பை ஓட்டாமலே அது வெளியே வந்துவிடும். எல்லா வகைப் பிழைகளையும் திரையில் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு பிஎச்பி கோப்பின்மீதும் லிண்டை ஓட்டுங்கள். வகுப்பின் பெயரைச் சொல்லி, "வகுப்பின் பெயரையே கொண்ட மெத்தடுகள் வருங்காலத்தில் கன்ஸ்ட்ரக்டராக இருக்கமாட்டா" என்ற பொருளில் செய்தி வரும். அந்தப் பட்டியல்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

இதே லிண்டை 8இல் ஓட்டினால் இந்தச் செய்தி வராது. நான் செய்த தவறு இதுதான்: புதிய பதிப்பில் சரிபார்த்துவிட்டு, "பிழை இல்லை" என்று நம்பினேன்.

தானாகத் திருத்தித் தரும் ரெக்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால் பயன்படுத்துங்கள். அப்போதும் அடுத்த இரண்டு படிகளை ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும்.

இரண்டாம் படி: உண்மையான கன்ஸ்ட்ரக்டரா, பெயர் ஒற்றுமையா?

பட்டியலில் வரும் எல்லாமே கன்ஸ்ட்ரக்டராக எழுதப்பட்டவை என்று எண்ண வேண்டாம். பிஎச்பி, மெத்தட் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் ஃபில்டர் என்ற வகுப்பில், சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபில்டர் என்ற மெத்தடை ஒருவர் வடிகட்டும் வேலைக்காகவே எழுதியிருப்பார். 7.4 வரை அது கன்ஸ்ட்ரக்டராகவும் ஓடும்.

அத்தகைய மெத்தடின் பெயரை மாற்றிவிட்டால், அதை நேரடியாக அழைக்கும் இடங்களெல்லாம் உடையும். பெயரைத் தொடாமல், அதே வகுப்பில் உடல் வெறுமையான ஒரு புதிய கன்ஸ்ட்ரக்டரைச் சேர்த்துவிடுங்கள். புதிய பெயரில் ஒன்று இருந்தால் பிஎச்பி பழைய பெயரைக் கன்ஸ்ட்ரக்டராகக் கருதாது, எச்சரிக்கையும் வராது. பிஎச்பி 5இலும் இந்த நிரல் ஓட வேண்டுமானால், புதிய கன்ஸ்ட்ரக்டரை மற்றதற்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் "ஏற்கெனவே உள்ள கன்ஸ்ட்ரக்டரை மறுபடி வரையறுக்கிறீர்கள்" என்ற ஸ்ட்ரிக்ட் அறிவிப்பு எழும்.

மூன்றாம் படி: பெற்றோரிலிருந்து கீழ்நோக்கி மாற்றுங்கள்

வகுப்பு தனியாக நின்றால் பெயரை மாற்றியதும் வேலை முடிந்தது. பெற்றோர், பிள்ளை என்று தொடர்ச்சி இருந்தால் அங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையும் ஒவ்வொரு விதமாக உடையும்.

பெற்றோர் பழைய முறையில் இருக்க, பிள்ளை புதிய முறையில் 'பேரண்ட்::__கன்ஸ்ட்ரக்ட்' என்று அழைத்தால், 5 முதல் 7.4 வரை வேலை செய்யும். 8இல் கன்ஸ்ட்ரக்டரை அழைக்க முடியவில்லை என்று நிரல் நின்றுவிடும். சத்தம் போட்டு உடைவதால் இது நல்ல பிழை.

பெற்றோரைப் புதிய முறைக்கு மாற்றிவிட்டு, பிள்ளைக்குள் இருக்கும் 'பேரண்ட்::பில்' என்ற பழைய அழைப்பை மறந்தால், எந்தப் பதிப்பிலும் அப்படி ஒரு மெத்தட் இல்லை என்ற பிழை வரும்.

மிகவும் பயப்பட வேண்டியது மூன்றாவது சேர்க்கை: பெற்றோர் புதிய முறை, பிள்ளை பழைய முறை. 7.4 வரை பிள்ளையின் பழைய கன்ஸ்ட்ரக்டர் ஓடும். 8இல் அது கணக்கில் வராது. அதனால் பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும், அதுவும் பிள்ளைக்காகக் கொடுத்த மதிப்புகளோடு. இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ்ஸின் பழைய விட்ஜெட் செருகுநிரல்கள் 8இல் விழுந்ததற்கு இதுவே காரணம். டபிள்யூபி விட்ஜெட் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டு மதிப்புகள் கட்டாயம். பழைய முறையில் எழுதிய பிள்ளை வகுப்பை வேர்ட்பிரஸ் மதிப்பு எதுவும் கொடுக்காமல் உருவாக்கும். பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டர் இரண்டை எதிர்பார்த்து, ஒன்றும் வராததால் பிழை எழுப்பும். அங்கே எண்ணிக்கை பொருந்தாததால் வெளியே தெரிந்தது. எண்ணிக்கை பொருந்தியிருந்தால் வாடிக்கையாளர் எண் வரி விகிதத்தின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உச்சியில் உள்ள பெற்றோருக்குப் புதிய கன்ஸ்ட்ரக்டர் எழுதுங்கள். பழைய பெயரில் உள்ள மெத்தடை உடனே அழிக்காமல், புதியதை அழைக்கும் பாலமாக வைத்திருங்கள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழைய பெயரை அழைப்பவர் எவரும் இல்லை என்று தேடி உறுதிசெய்த பிறகு பாலத்தை எடுங்கள்.

ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்($வரி) {
    $திஸ்->வரி = $வரி;
}

ஃபங்ஷன் பில்($வரி) {
    செல்ஃப்::__கன்ஸ்ட்ரக்ட்($வரி);
}

பாலத்துக்குள் இருக்கும் அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். அங்கே 'செல்ஃப்' இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் '$திஸ்->' என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளை வகுப்புக்குச் சொந்தமாகப் புதிய கன்ஸ்ட்ரக்டர் இருந்து, அது பழைய வழக்கப்படி 'பேரண்ட்::பில்' என்று அழைக்கிறது என்று வையுங்கள். பாலம் '$திஸ்' வழியாகப் போனால், அந்தப் பொருளின் கன்ஸ்ட்ரக்டர் என்று பிள்ளையுடையதையே மறுபடி பிடிக்கும். அது மீண்டும் பாலத்தை அழைக்கும். நினைவகம் தீரும்வரை இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். 'செல்ஃப்' என்றால் பாலம் எழுதப்பட்ட வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர் மட்டுமே ஓடும்.

பழைய நிரலில் 'நியூ' என்ற சொல்லுக்கு முன்னால் ஆம்பர்சண்ட் குறி நிற்பதையும் பார்ப்பீர்கள். பிஎச்பி 4இல் பொருளை ஒரு மாறியில் வைக்கும்போது நகல் எடுக்கப்பட்டதால் அப்படி எழுதினார்கள். 5 முதல் அதற்குத் தேவையில்லை, 7.0இலிருந்து அது இலக்கணப் பிழை. அந்தக் குறியை நீக்கிவிடுங்கள்.

நான்காம் படி: இன்றைய பதிப்புக்கு ஏற்ப எழுதுங்கள்

பெயர் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நிரல் ஓடும். ஆனால் பில்லில் வரி சுழியமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தப் பண்புக்கு வகை எதுவும் குறிக்கப்படவில்லை. 7.0 முதல் மெத்தடின் அளபுருக்களுக்கு (அடைப்புக்குறிக்குள் மதிப்பு வாங்கும் மாறிகளுக்கு) இன்ட் (முழு எண்), ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) போன்ற வகைகளைக் குறிக்கலாம், 7.4 முதல் பண்புகளுக்கும் குறிக்கலாம். வரி என்ற பண்பை 'இன்ட்' என்று அறிவித்திருந்தால், கன்ஸ்ட்ரக்டர் ஓடாததால், வரித்தொகையைக் கணக்கிடும்போதே, மதிப்பு கொடுக்கும் முன் பண்பைப் படிக்க முயல்வதாக நிரல் நின்றிருக்கும். அச்சகக்காரருக்குத் தவறான பில் கிடைத்திருக்காது. வகை குறிப்பதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஒரு நிகழ்ச்சியையே சொல்கிறேன்.

8.0 கொண்டுவந்த வசதிகளில் அன்றாடம் அதிகம் பயன்படுவது, கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே பண்பை அறிவிப்பது. முன்பு ஒரே பெயரை நான்கு இடங்களில் எழுதினோம்: பண்பின் அறிவிப்பில், அளபுருவில், சமக்குறியின் இரு பக்கத்திலும். இப்போது ஓரிடம் போதும். 8.1இல் வந்த ரீட்ஒன்லியையும் சேர்த்தால், ஒருமுறை வைத்த மதிப்பை யாரும் மாற்ற முடியாது.

கிளாஸ் பில் {
    பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(
        பிரைவேட் ரீட்ஒன்லி இன்ட் $வரி,
        பிரைவேட் ரீட்ஒன்லி ?ஸ்ட்ரிங் $குறிப்பு = நல்,
    ) {
        இஃப் ($வரி < 0) {
            த்ரோ நியூ இன்வேலிட்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன்('வரி எதிர்மறையாக இருக்கக் கூடாது');
        }
    }
}

உடலுக்குள் நுழையும் முன்பே பண்புகளில் மதிப்பு வைக்கப்பட்டுவிடும். சரிபார்ப்பை மட்டும் உடலில் எழுதினால் போதும். குறிப்பு என்பதன் வகைக்கு முன்னால் உள்ள கேள்விக்குறியை விட்டுவிடக் கூடாது. பழைய முறையில், நல் மதிப்பைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்தாலே கேள்விக்குறி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இந்தப் புதிய அறிவிப்பில் அந்தச் சலுகை தொடக்கத்திலிருந்தே கிடையாது. சாதாரண அளபுருக்களிலும் 8.4 முதல் அது கைவிடப்படும் அம்சம். காலபிள் (ஃபங்ஷன்போல் அழைக்கக்கூடியவை) வகையையும், முப்புள்ளியிட்டு எத்தனை மதிப்பும் வாங்கும் அளபுருவையும் இப்படிப் பண்பாக்க முடியாது.

வகுப்பின் எல்லாப் பண்புகளும் மாறக் கூடாதவை என்றால் 8.2இல் வகுப்பையே ரீட்ஒன்லி என்று அறிவிக்கலாம். 8.1 முதல் தொடக்க மதிப்பாக ஒரு புதிய பொருளையே 'நியூ' போட்டு எழுதலாம். அதற்கு முன் நல் கொடுத்துவிட்டு, உடலுக்குள் இஃப் போட்டுப் பொருளை உருவாக்க வேண்டியிருந்தது.

8.0இல் வந்த பெயரிட்ட மதிப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை. 'நியூ பில்(வரி: 18)' என்று எழுதினால் படிக்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அன்று முதல் அளபுருவின் பெயரும் உங்கள் வகுப்பின் ஒப்பந்தத்தில் ஒரு பகுதி. பிறர் பயன்படுத்தும் வகுப்பில் வரி என்பதை வரிவிகிதம் என்று மாற்றினால், அவர்களுடைய நிரல் உடையும்.

ஒரு வகுப்பை இரண்டு விதமாக உருவாக்க வேண்டியிருந்தால்? பிஎச்பியில் ஒரு வகுப்புக்கு ஒரே கன்ஸ்ட்ரக்டர்தான். வந்த மதிப்பின் வகையைப் பார்த்துக் கிளை பிரியும் நீண்ட கன்ஸ்ட்ரக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அவற்றைப் படித்துப் புரிந்துகொள்வது பெரும்பாடு. கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்கிவிட்டு, 'கோப்பிலிருந்து', 'படிவத்திலிருந்து' என்று பெயரிலேயே நோக்கம் தெரியும் ஸ்டாட்டிக் (பொருள் இல்லாமலே அழைக்கக்கூடிய) மெத்தடுகளை எழுதுங்கள். அவை தத்தம் வேலையை முடித்துக் கடைசியில் பொருளைத் திருப்பித் தரட்டும்.

பிள்ளை தனக்கென்று கன்ஸ்ட்ரக்டர் வைத்துக்கொண்டால் பெற்றோருடையது தானாக ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். வேறு சில மொழிகளிலிருந்து வருபவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். 'பேரண்ட்::__கன்ஸ்ட்ரக்ட்' என்ற வரியை நீங்களே எழுத வேண்டும்.

தரவுத்தளத்தோடு இணைவது, கோப்பு திறப்பது போன்றவற்றைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் செய்யாதீர்கள். கன்ஸ்ட்ரக்டர் நடுவழியில் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிந்தால் அந்தப் பொருளின் டிஸ்ட்ரக்டர் (பொருள் அழியும்போது ஓடும் மெத்தட்) ஓடாது. அதுவரை திறந்தவற்றை மூடுவதாக டிஸ்ட்ரக்டரில் எழுதிய வரிகள் பயனற்றுப் போகும்.

பல பதிப்புகளில் ஓட வேண்டிய நிரல் என்றால்

இரண்டு அடிக்கோட்டுக் கன்ஸ்ட்ரக்டர் 5.0 முதல் இன்றைய பதிப்பு வரை எல்லாவற்றிலும் ஓடும். ஆகவே பெயரைப் பொறுத்தவரை தயங்க ஒன்றுமில்லை. மற்ற வசதிகளை, நீங்கள் தாங்க வேண்டிய மிகப் பழைய பதிப்பே தீர்மானிக்கும். அது 7.4 என்றால் பண்புகளுக்கு வகை குறியுங்கள். அடைப்புக்குறிக்குள் பண்பு அறிவிக்கும் முறையைத் தொடாதீர்கள், கோப்பு தொகுக்கப்படவே செய்யாது. நூலகங்களை நிறுவும் கருவியான கம்போஸரின் கோப்பில் அந்தக் குறைந்தபட்சப் பதிப்பை எழுதிவைத்தால், தகுதியில்லாத சர்வரில் நிறுவும்போதே அது தடுத்துவிடும்.

கடைசிப் படி: ஒரு பில் போட்டுப் பாருங்கள்

பழைய நிரல்களுக்குப் பெரும்பாலும் சோதனைக் கோப்புகள் இருக்காது. எல்லாவற்றுக்கும் எழுத நேரம் இல்லாவிட்டாலும், முதல் படியில் கிடைத்த பட்டியலில் உள்ள வகுப்புகளுக்கு மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தெரிந்த மதிப்பு கொடுத்து உருவாக்கி, அந்த மதிப்பு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். எழுத்துச் சரத்துக்கு வெறுமையல்லாத மதிப்பையும், எண்ணுக்குச் சுழியமல்லாத மதிப்பையும் கொடுங்கள். சுழியம் கொடுத்துச் சோதித்தால், கன்ஸ்ட்ரக்டர் ஓடாவிட்டாலும் விடை சரியாகவே வரும். அதே சோதனையை முதலில் 7.4இல் ஓட்டுங்கள், பிறகு 8இல் ஓட்டுங்கள். அச்சக நிரலுக்கு நான் பிற்பாடு எழுதிய முதல் சோதனை மூன்று வரிகள்தான்: 18 கொடுத்து ஒரு பில்லை உருவாக்கு, 1000 ரூபாய்க்கு வரித்தொகை கேள், 180 வருகிறதா என்று பார்.